கோடு தெரியாமல் போட்ட மயில்

கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் பூவை மெஷினே போட்டுவிடும். பூ எங்கே உட்காரணும் என்பதை மட்டும் நாம்தான் சொல்லணும். சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டு மாட்டிக்கொண்ட உங்களுக்கு என் பாடு புரியும்.

ரெண்டு புள்ளி

சங்கரன்கோவிலில் ஒரு கடையில் நூல் பிசிறு வெட்டத்தான் சேர்ந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. பிசிறு வேலை முடிய இருட்டிவிடும். அதற்குள் என் மகள் பக்கத்து வீட்டில் அழுது தூங்கியிருப்பாள். மெஷின் வேலை என்றால் நாலு மணிக்குக் கிளம்பலாம். மெஷின் பார்த்த செல்வி கல்யாணமாகிப் போகவும், கடை அண்ணாச்சி ஒரு வாரம் பார்ப்போம் என்று என்னை உட்காரவைத்தார்.

போகும்முன் செல்வி சொல்லித்தந்தாள். துணியில் குறித்த ஒரு புள்ளியில் ஊசியை நிறுத்தி, திரையில் தெரியும் எக்ஸ், ஒய் இரண்டையும் எழுது. அடுத்த புள்ளியிலும் எழுது. கூட்டிப் பாதியாக்கினால் நடு.

“எக்கா, எக்ஸோட எக்ஸைக் கூட்டு, ஒய்யோட ஒய்யைக் கூட்டு. மாத்திக் கூட்டினா பூ கக்கத்துக்குப் போயிரும்.”

மயில்

ஒரு கல்யாண ஜாக்கெட். முதுகில் இரண்டு சாக்பீஸ் புள்ளிக்கு நடுவில் மயில். இரண்டுக்கும் ஒய் ஒன்றுதான். எக்ஸில் இடதுபுள்ளிக்கு 40, முன்னால் ஒரு சின்னக் கோடு, வலதுக்கு 60. கோடு எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை. கூட்டினேன், நூறு. பாதி ஐம்பது. மயில் வலதுபுள்ளியை ஒட்டிப் போய் நின்றது.

கல்யாணப் பெண்ணின் அம்மா விரித்துப் பார்த்தாள்.

“ஏம்மா, இது எம்மக முதுகுல நிக்குதா, பக்கத்து வீட்டுக்குக் கெளம்பிருச்சா?”

பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம்

மீதித் துணியில் அண்ணாச்சி இன்னொரு முதுகு வெட்டி, அதே இரண்டு புள்ளியும் வைத்துத் தந்தார். இதுவும் போனால் நான் பழையபடி பிசிறுக்கு. மெஷினில் மாட்டும் முன் இரண்டு புள்ளியும் ஒட்ட மடித்து, விரலால் நீவித் தடம் போட்டேன். அதே இடத்தில் மாட்டினேன், அதே எண்கள்.

வெறுமனே ஊசியை இடது பக்கம் நகர்த்திப் பார்த்தேன். மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம். இன்னும் நகர்த்தினால் கோட்டோடு ஒன்று, கோட்டோடு இரண்டு. அப்போ கோடு என்றால் பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம், கூட்டாமல் கழிக்கணும். அறுபதில் நாற்பது போக இருபது, பாதி பத்து. பத்தில் நிறுத்தினேன். ஊசி மடிப்புத் தடத்தின்மேல் நின்றது. மயிலைப் போடவிட்டேன்.

பெண்ணின் அம்மா விரித்துப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அண்ணாச்சி ஒரு சேலையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“முந்தியில ரெண்டு யானைக்கு நடுவுல தாமரை வேணுமாம். நாளைக்கு வந்ததும் மாட்டு.”

வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும், கேட்காமல் கற்றதில் ஒரு மயில் செலவு.