வண்டிக்குப் பின்னால் எழுதியிருந்தது

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நாமக்கல்லில் லாரிப் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போனில் மெசேஜ் வந்தது. என் புனே ரயில் டிக்கெட் கேன்சல் செய்யப்பட்டதாம். நான் செய்யவில்லை. ஆன்லைனில் டிக்கெட் போடும் கம்பெனியில் என் கணக்கைத் திறந்தேன். பாஸ்வேர்டு தப்பு என்றது. நாலு தடவை போட்டும் தப்பு. எவனோ உள்ளே புகுந்து பூட்டையும் மாற்றிவிட்டான்.

புனேயில் என் மகள் வீடு வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறாள். ஒரே மகள், அம்மாவும் உயிரோடு இல்லை. பிறந்த வீட்டுச் சார்பாக விளக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. இதற்கு முன் மூன்று தடவை அவளைப் பார்க்க டிக்கெட் போட்டு, லோடு வந்தது, டிரைவர் வரவில்லை என்று நானே கேன்சல் செய்தவன். மனைவி போன பிறகு சுவரைப் பார்த்துச் சோறு தின்றுகொண்டு கிடந்தேன். அப்படியும் கிளம்பவில்லை. இந்தத் தடவை போவதாகவே இருந்தேன். பைகூட எடுத்து வைத்துவிட்டேன்.

கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் ஓடியது. ரொம்ப நேரம் கழித்து ஒரு பெண் பேசினாள்.

“உங்க ஐடி, பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா சார்?”

“எவனுக்கும் தெரியாதும்மா.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே என் லாரி நின்றது. பின்கதவில் பெரிதாக வண்டி நம்பர். அதற்குக் கீழே, லோடுக்கு அழைக்கவும் என்று என் போன் நம்பர். போன் நம்பர்தான் என் ஐடி. வண்டி நம்பர்தான் பாஸ்வேர்டு. இரண்டையும் மஞ்சள் பெயிண்டில் எழுதி நாடு முழுக்க ஓட விட்டிருந்தேன். எங்கள் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான். எதற்கும் வண்டி நம்பர், மறக்காது என்று.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லவில்லை.

“ரீஃபண்டு காசுக்காக இப்படிப் பண்றாங்க சார். கேன்சல் ஆன டிக்கெட் திரும்ப வராது. கணக்கை நாளைக்கு மீட்டுத் தரோம். இனிமே வண்டி நம்பர், பிறந்த தேதியெல்லாம் வைக்காதீங்க.”

மகளைப் போனில் கூப்பிட்டேன்.

“டிக்கெட்டு கேன்சல் ஆயிருச்சு சாமி. எவனோ கணக்குக்குள்ள பூந்துட்டான்.”



“போன தடவை டிரைவரு ஊட்டுல சாவுன்னீங்க. இந்தத் தடவை திருடனுங்களாப்பா?”

“நெசமாத்தான் சாமி. வண்டி நம்பரப் பாஸ்வேர்டா வெச்சுத் தொலைச்சுட்டேன்.”

“அந்த நம்பரு எனக்கும் மனப்பாடமுங்க. வண்டி எப்ப வரும்னு ரோட்டப் பாத்துட்டே வளந்தவ நானு. என்ற பொறந்த தேதிய வெச்சிருக்கலாமில்லீங்க? நெனப்பிருக்குதுங்களா?”

பங்குனி மாதம் என்று தெரியும். அவள் பிறந்த அன்றைக்கு நான் நாக்பூர் பக்கம் லோடோடு நின்றிருந்தேன். தேதி வாயில் வரவில்லை.

“உடுங்கப்பா,” என்று வைத்துவிட்டாள்.

எல்லா ரயிலிலும் வெயிட்டிங் லிஸ்ட். ஆனால் மறுநாள் மதியம் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு என் வண்டி புனேக்குத்தான் கிளம்புவதாக இருந்தது. மாதம் இரண்டு தடவை அது அவள் ஊருக்குப் போய் வருகிறது. நான்தான் போனதில்லை.

மறுநாள் பையோடு வண்டியில் ஏறினேன். டிரைவர் சிரித்தான்.

“ஓனருங்க கிளீனர் சீட்டுலங்களா? டீ வாங்கியாரச் சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“வாய மூடிட்டுத் தார்ப்பாயக் கட்டுடா.”

அவன் கட்டிக்கொண்டிருந்தபோது கணக்கு திரும்பி வந்தது. புதுப் பாஸ்வேர்டு கேட்டது. மகளுக்கு மெசேஜ் போட்டேன்: நம்ம வண்டியில வாரேன் சாமி, உன் பொறந்த தேதி என்ன?

தேதி வந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

வைக்காதே என்று அந்தப் பெண் சொன்னதைத்தான் வைத்தேன். பெற்ற அப்பனுக்கே தெரியாத தேதி. எந்தத் திருடன் கண்டுபிடித்துவிடப் போகிறான்?

வண்டி கிளம்பியது. விளக்கு இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டேன். ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை வருமா என்று தொப்பூர் கணவாய் வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டே போனேன். வரவில்லை. அதற்கப்புறம் சார்ஜ் போய்விட்டது.