டீக்குப் பின் எடுத்த இருநூறு

நான் மெல்போர்னை விட்டுப் புறப்பட்டது ஒரு மார்ச் மாத வெள்ளிக்கிழமை. என்னை விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டவர் கிளெனிஸ். தோட்டக் குழாய்களுக்குப் பிளாஸ்டிக் இணைப்புகள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்த்தவர். உலகம் சுற்றப் பணம் சேர்த்தபடி, பக்கத்துச் சுவரில் ஓர் உலகப் படத்தை ஒட்டிவைத்து, நான் அங்கே நான்காம் எண் இயந்திரத்தை ஓட்டினேன். கையிலிருந்த பயணச்சீட்டே அவரால் கிடைத்ததுதான்.

பத்து மணிக்கு ஸ்மோக்கோ என்கிற டீ இடைவேளைக்கு எல்லா இயந்திரங்களும் நிற்கும். டீ குடித்துவிட்டு நாங்கள் திரும்பியதும் கிளெனிஸ் வாளியோடு வந்து இருநூறு துண்டுகளை அள்ளிப்போவார். அதில் எத்தனை சதவீதம் பழுதோ, அன்றைய ஐயாயிரத்துக்கும் அதுவே கணக்கு. இரண்டு சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

பிப்ரவரியில் ஒரு நாள் என் இருநூறில் பதினாறு பழுது. எட்டு சதவீதம். அப்படியானால் ஐயாயிரத்தில் நானூறு.

"இது மூணாவது தடவை," என்றான் மேற்பார்வையாளன் ரஸ்ஸல். "கண்ணு மெஷின் மேல இருக்கா, உலகப் படத்து மேல இருக்கா? வெள்ளிக்கிழமையோட நீ கிளம்பலாம்."

வேலை போனால் பயணமும் போயிற்று. கிளெனிஸ் ஒரு பழுதான துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்புவரை பிளாஸ்டிக் நிரம்பவில்லை.

"ரஸ்ஸல், ஒரு நாள் பொறு."

"எதுக்கு? நீ போட்ட கணக்குதானே?"

"அதனாலதான்."

மறுநாள் அரை மணிக்கொரு தரம் வந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். சாயங்காலம் பார்த்தால் இருநூறில் மூன்றுதான் பழுது. ஒன்றரை சதவீதம். மூன்றுமே டீக்குப் பின் வந்தவை. நான்காம் எண் பழைய இயந்திரம். கால் மணி நேரம் நின்றாலே அச்சு ஆறிவிடும். திரும்ப ஓட்டும்போது முதலில் விழுபவை அரைகுறையாக விழும்.

எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இவ மேல தப்பில்ல. மெஷின் தூங்கி எழுந்திரிக்கிற நேரமாப் பாத்து வருஷக்கணக்கா அள்ளினது நான்தான்."

"அப்ப வாளிய வெச்சிட்டு வீட்டுக்குப் போறியா?" என்றான் ரஸ்ஸல்.

"டீய முடிச்சிட்டுப் போறேன்."

அவர் வேலையும் என் வேலையும் தப்பின. மார்ச்சில் விமான நிலையத்தில் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"உனக்கு முன்னாடி நாலாம் நம்பர்ல டார்கோன்னு ஒருத்தன் இருந்தான் கண்ணு. என் சதவீதத்தக் காட்டித்தான் அவன வேலைய விட்டு அனுப்பினாங்க. போ, பிளேனப் பிடி."

நான்கு வருடம் சுற்றினேன். எந்த ஊரிலிருந்து அவருக்கு அட்டை போட்டாலும் கடைசி வரி நன்றிதான். போன மாதம் திரும்பினேன். நேற்று அவரிடமிருந்து செய்தி வந்தது:

"டார்கோவக் கண்டுபிடிச்சிட்டேன். பழைய கணக்குத் தாளெல்லாம் கொண்டுபோய்க் காட்டி, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். ஒரு மணி நேரம் திட்டினான். அப்புறம் டீ போட்டான். ஞாயித்துக்கிழமை உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்றான்."