டீனுக்குத் தமிழ் தெரியாது

ஒரு பெண்ணின் முழங்கால் என்னால்தான் போயிற்று. நோகிறது, ஏலாது என்று அவர் சொன்னதை இரண்டடி தூரத்தில் நின்று, என் தாய்மொழியில், ஒரு சொல் விடாமல் கேட்டேன். கேட்டும் கேளாதவனாக அவரை மலைமேல் கூட்டிக்கொண்டு போனேன்!

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாருடைய ஆள், யாருக்குச் சொந்தம் என்று முதலில் விசாரிக்கத்தான் இப்போதும் வாய் உன்னுகிறது... என் புத்தி அப்படி.

இரண்டாயிரங்களின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. சேருவதை ஒரு வருடம் தள்ளிப்போட்டிருந்தேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பிடித்த பனிச்சறுக்குப் பைத்தியம் தெளியவில்லை. பழக்குநர் சான்றிதழும் எடுத்துவிட்டேன். ஆனால், பனியில் சறுக்கப் பழக்கப் போகிறேன் என்று லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டில் சொல்ல முடியுமா? அப்பா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவர். படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு மகன் விளையாடப் போகிறான் என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவார். வியன்னாவில் முதியோர் இல்லமொன்றில் தொண்டு வேலை என்று பொய் சொன்னேன். அம்மா அதைக் கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

சொந்தக்காரர் இல்லாத மலை ஒன்றைத் தேடுவதே பெரும்பாடு! சுவிஸில் சித்தப்பா, பாரிஸில் பெரியம்மா, ஜேர்மனியில் மாமா... ஆஸ்திரியாதான் மிஞ்சியது. தீபன் என்ற பெயரை அங்கே டீன் ஆக்கினேன். எந்த நாடு என்று கேட்டவர்களுக்கு மொரீஷியஸ் என்றேன்.

பெப்ரவரியில் அவர்கள் வந்தார்கள். நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும். பல வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறி, அங்கே பார்க்கிங் என்ற பகுதியில் குடியிருப்பவர்கள். பிள்ளைகளைச் சிறுவர் வகுப்பில் விட்டுவிட்டுத் தாங்களும் பழக என் வகுப்பில் சேர்ந்தார்கள். கணவர் முதல் வேலையாக என்னைப் படம் எடுத்தார். யாருக்குக் காட்ட?

மூக்கும் முழியும் எங்கட பெடியன் மாதிரியெல்லோ கிடக்கு என்று மனைவி தமிழில் சொன்னார். நான் ஒன்றும் விளங்காதவன்போல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா அனுப்பிய ஆட்கள்தான் என்று அன்றே முடிவுகட்டிவிட்டேன். இல்லாவிட்டால் லண்டனில் இருந்து இரண்டு தமிழர் நேராக என் வகுப்புக்கா வருவார்கள்? கணவர் கைத்தொலைபேசியை எடுத்தால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மத்தியானம் அந்த அம்மா, தங்கியிருந்த வீட்டில் தான் பொரித்த மீன் ரோல்ஸ் தந்தார். பாவம், வடிவாச் சாப்பிடாத பிள்ளை போல என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே பெட்டியை நீட்டினார். அதிலும் எனக்குச் சந்தேகம்! நான் எப்படிக் கடிக்கிறேன் என்று சோதிக்கிறார்களோ? உறைப்பே அறியாதவனாக வாயை விசிறிக் காட்டினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான்காம் நாள் காலை, மேல் சரிவுக்குப் போகும் லிப்டுக்கு வரிசையில் நின்றோம். அவர் கணவரின் கையைப் பிடித்தார்.

"இஞ்சாருங்கோ, என்ர முழங்கால் சரியா நோகுது. முந்தி ஒப்பரேசன் செய்த கால். மேல ஏலாது. இந்தப் பெடியனிட்டச் சொல்லுங்கோவன்."

"பேசாம வாரும். இவ்வளவு தூரம் வந்திட்டு..."

அப்படியான முழங்காலோடு ஒருவரை மேலே ஏற்றக் கூடாது. பழக்குநர் எவருக்கும் அது தெரியும். நான் திரும்பி, எல்லாம் சரியா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் வெட்கத்தோடு சிரித்து, ஓகே என்றார். ஏற்றினேன்.

இங்கேதான் நீங்கள் என்னைப் பிடிக்க வேண்டும். தமிழ் தெரியும் என்று காட்டாமலே நிறுத்தியிருக்கலாமே! இன்று பனி சரியில்லை, கீழேயே பழகுவோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் போதும். ஏன் சொல்லவில்லை? அவர் சொன்ன கையோடு நான் நிறுத்தினால் பிடிபட்டுவிடுவேனோ என்ற பயம். அது பாதி உண்மை. மற்றப் பாதியை எழுதக் கை கூசுகிறது... இதுவே ஒரு பொறியோ என்று நினைத்தேன்! நோகிறது என்று சொல்லிவிட்டு என் முகம் மாறுகிறதா என்று பார்க்கிறார்களோ என்று நினைத்தேன். உளவு பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பயந்துதான் போகட்டுமே என்ற கறுவமும் எனக்குள் இருந்தது.

மூன்றாவது திருப்பத்தில் விழுந்தார். சறுக்குப் பலகை காலைவிட்டுக் கழலவில்லை, முழங்கால் திருகிவிட்டது. எங்கே நோகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தமிழில் சொல்லிக் கதறக் கதற, கணவர் மொழிபெயர்த்துத் தரும்வரை காத்து நின்றேன்!

வைத்தியசாலை வாசலில் அந்த மனிதர் சுவரோடு சாய்ந்து, நான்தான் சொல்ல விடேல்லை, என்ர பிழை என்று தனக்குத்தானே சொல்லி அழுதார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு விபத்துப் படிவத்தில், வலி பற்றி எனக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீடு திரும்பியபின் அப்பாவை எத்தனையோ விதமாக நோண்டிப் பார்த்தேன். பார்க்கிங்கில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. அவருக்கு நான் இன்றும் வியன்னாவில் முதியவர்களைப் பராமரித்த பிள்ளை.

படித்தேன். டொக்டரானேன். அந்த விபத்து நடந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கிழக்கு லண்டனில் ஒரு சேர்ஜரியில், அதாவது குடும்ப டொக்டர்களின் கிளினிக்கில், வேலை பார்த்தேன். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு, கைத்தடி ஊன்றி, அந்த அம்மா வந்தார்! எனக்கோ அப்போது தாடி, கண்ணாடி, ஊதிய உடம்பு... என்னை அடையாளம் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். நினைக்கிறேன்.

காலுக்கு என்ன நடந்தது என்று தமிழில் கேட்டேன். கேட்டுத்தானே ஆக வேண்டும்? தமிழ் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. எல்லாவற்றையும் சொன்னார். மூன்று தரம் ஒப்பரேசனாம். நின்று செய்கிற வேலை என்பதால் வேலையையும் விட்டாராம். கணவர் இன்றும் தன்னையே நொந்துகொள்கிறாராம். பனி பெய்தால் அன்று அவர் யாரோடும் கதைக்க மாட்டாராம்.

"பழக்கினவரிட்ட நோகுது எண்டு சொல்லேல்லையோ?"

ஏன் அதைக் கேட்டேன்? அவருக்கு என்ன தெரியும் என்று அறிய! அந்த நேரத்திலும் நான் என்னைத்தான் பார்த்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாரோ?

"அந்தப் பெடியனில பிழை இல்லை, டொக்டர். பாவம், அதுக்குத் தமிழ் தெரியாது."

தலையாட்டினேன். பழக்குநருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று கணினியில் பதிந்தேன். அதே பொய்யை இரண்டாம் முறையாக!

தெரிந்துதான் சொன்னாரா? தெரியாமலா? எத்தனை தரம் யோசித்தாலும் பிடிபடவில்லை. வேறு டொக்டரிடம் அனுப்பப் பார்த்தேன். போக மாட்டேன் என்றுவிட்டார். தான் சொல்வது விளங்குகிற ஒருவரிடம்தான் வருவாராம்.

மாதம் ஒருமுறை வருகிறார். எங்கே நோகிறது என்று தமிழில் கேட்கிறேன். காட்டுகிறார். நான் இன்னும் சொல்லவில்லை.