எந்தத் தண்ணி?

என் வீட்டுக்காரர் அர்த்தநாரி வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. வெள்ளகோவில் சந்தையில் அவருடைய அப்பா குடித்துவிட்டு விழுந்து கிடப்பார்; பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போவான். ஊரே பார்த்த காட்சி. 'தண்ணிக்காரன் மகன்' என்ற அந்தப் பேர் வேண்டாமென்றுதான் திருப்பூருக்கே வந்தார். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் தனியாகச் சொன்னதும் அது ஒன்றுதான். "நான் குடிக்கமாட்டனுங்க." மனுஷனுக்கு வேறு பேச்சே வராதா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பனியன் கம்பெனியில் அவர் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்கச் சூடான இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து நிற்கிற வேலை. அதிலும் ஒரு கிறுக்கு உண்டு. வெள்ளைத் துணி தேய்க்கிற நாளில் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் வேர்க்குமாம், வேர்வை சொட்டினால் பீஸ் ரிஜெக்ட் ஆகுமாம். "நீங்க தொண்ட காஞ்சு செத்தாத்தான் அந்தப் பனியன் கப்பல் ஏறுமாக்கும்?" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இரண்டாயிரத்து ஆறு, சித்திரை மாதம். கம்பெனியில் ரத்ததான முகாம். அன்றைக்குத் தேய்க்க வந்ததெல்லாம் வெள்ளை. பேக்கிங் பக்கம் போட்டிருந்த கட்டிலில் இவரும் போய்ப் படுத்தார். நர்ஸ் அன்புசெல்வி எல்லோரிடமும் கேட்பதுபோல் இவரிடமும் கேட்டாள்.

"அண்ணா, தண்ணி சாப்பிட்டிருக்கீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லீங்க. தொடறதே இல்லீங்க."

குடித்தவர்களிடம் ரத்தம் எடுக்கக் கூடாது, அதற்காகத்தான் கேட்டாள். பதிலில் அவளுக்குத் திருப்தி. குடிநீரைப் பற்றி அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. காலையிலிருந்து ஒரு மடக்குக்கூட இறங்காத உடம்பிலிருந்து ரத்தம் போனது. பிறகு கொடுத்த ஜூஸையும் பிஸ்கட்டையும் மகள் தரணிக்கென்று பையில் போட்டுக்கொண்டு, உடனே வேலைக்குத் திரும்பிவிட்டார்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் நின்றாராம். திடீரென்று சாய்ந்துவிட்டார். தலை டேபிள் காலில் மோதியது. சூடான பெட்டி வலது கைமேல் விழுந்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குள் கம்பெனியில் பேச்சு பரவிவிட்டது. கிளப்பியவர் சூப்பர்வைசர் மருதாசலம். "தண்ணியப் போட்டுட்டு வந்து உளுந்துட்டானுங்க. ரத்தங் குடுத்த மத்தவங்கெல்லாம் நல்லாத்தான இருக்கறாங்க?" முதலாளியும் நம்பிவிட்டார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்.

கை வெந்ததற்கு இவர் அழவில்லை. இதைக் கேட்டுத்தான் அழுதார். "எங்கப்பன் பேரு இங்கயும் தொரத்திக்கிட்டு வந்துருச்சு புள்ள." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ரத்த வங்கி வாசலில் நின்று சத்தம் போட்டேன். "ஏனுங்க, குடிகாரன் ரத்தத்தையா எடுத்து வெச்சிருக்கறீங்க? ஆருக்காச்சும் ஏத்தறதுக்கு முந்திச் சொல்லிப்போடுங்க." அன்புசெல்வி ஓடிவந்து என்னை உட்கார வைத்து, நடந்ததைக் கேட்டாள். வெள்ளைத் துணிக் கதையைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அக்கா, ரத்தம் கொடுத்து ரொம்ப நேரம் கழிச்சுக்கூட சில பேருக்கு மயக்கம் வரும். அபூர்வம்தான். ஆனா தண்ணியே குடிக்காம சூட்டுல நின்னா வராம என்ன செய்யும்? அந்தத் தண்ணியக் கேட்டேன், இந்தத் தண்ணியக் கேக்காம விட்டுட்டேனே."

அன்று சாயங்காலமே என்னோடு கம்பெனிக்கு வந்து, முதலாளி முன்னால், அத்தனை பேர் காதிலும் விழும்படி அதையே சொன்னாள். முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. கை ஆறியதும் செக்கிங் வேலைக்கு வரட்டும் என்றார். மருதாசலமும் அங்கேதான் நின்றார்.

கை ஆறியது. ஆனால் இரண்டு விரல் மடங்கியது மடங்கியதுதான். பெட்டி பிடிக்கிற வேலை அதோடு போயிற்று. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை, அது மருதாசலத்திடமிருந்து வரவேயில்லை. "அந்தாளு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நான் கத்துவேன். "உடு புள்ள" என்பார் இவர். ஆனால் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுப்பார்.

அடுத்த வருஷமும் முகாம் நடந்தது. ரத்தம் கொடுக்கிறேன் என்று போய் நின்றவரை அன்புசெல்வி தடுத்துவிட்டாள். சரியென்று, ஒரு குடத்தையும் டம்ளரையும் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் சோறு கொண்டுபோன நேரம், வரிசையில் மருதாசலம் வந்தார்.

இவர் மடங்கிய விரல்களால் டம்ளரைப் பிடித்து நீட்டினார். "அண்ணா, தண்ணி சாப்பிட்டீங்களா?"

"ச்சே, நான் அதெல்லாம் தொடறதே..." என்று ஆரம்பித்த மருதாசலம் பாதியில் நிறுத்திவிட்டார். டம்ளரைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார்.

"நானும் குடிக்கலப்பா," என்றார். "அன்னைக்கு நீயும் குடிக்கல."

எல்லோருக்கும் கேட்டது. இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக் குடித்தார். என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "கேட்டியா புள்ள? நான் குடிக்கலைன்னு அவரே சொல்லிட்டாரு." வேறு பேச்சே இல்லை. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.