பால்குடி மறக்கட்டும்

நான் வாயைத் திறந்து "குடுக்க மாட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கடைசிப் பையன் என்கிட்டயே வளர்ந்திருப்பான். சொல்லலை. அதுக்குப் பதிலா வேற ஒண்ணைச் சொல்லித் தொலைச்சேன். அதைச் சொன்னதாலதான் எங்க வூட்டுக்காரரு என்னை ஒகேனக்கல்லுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கக் கூட்டிட்டுப் போனாரு. புள்ளைங்க இல்லாம புருசனோட தனியா ஒரு நாள் போயிட்டு வந்தவன்னு எங்க தெருவுல எனக்கு ஒரு பேரு. அந்தப் பேரை யாராவது எடுத்தா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது.

அறுபதுகளோட கடைசி அது. கடத்தூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு, வரப்பெல்லாம் புளியமரம். கல்யாணமாகிப் பத்து வருசம், ரெண்டு பையன், ஒரு பொண்ணு, அப்புறம் இந்தக் கடைக்குட்டி. மாமனாரும் இல்ல, மாமியாரும் இல்ல. வூட்டுச் சாவி என் நாத்தனார் இடுப்புல இருந்துச்சு. எங்க வூட்டுக்காரருக்கு அக்கா, சின்ன வயசுலயே புருசனைப் பறிகொடுத்துட்டு வந்தவங்க. அவங்களுக்கும் மேல ஒருத்தரு, மூத்தாரு. எங்க வூட்டுக்காரரோட அண்ணன், சேலத்துல அரிசி மண்டி வச்சிருந்தாரு. அப்பா செத்ததுக்கு அப்புறம் தம்பியைப் படிக்க வச்சு, பொண்ணு பார்த்துக் கட்டி வச்சதெல்லாம் அவர்தான். அண்ணன் நில்லுன்னா தம்பி நிப்பாரு, உக்காருன்னா உக்காருவாரு. அந்த அண்ணனுக்கும் அவர் சம்சாரம், என் ஓரகத்திக்கும் புள்ளை இல்ல.

பொங்கல் முடிஞ்சு ரெண்டு பேரும் வந்தாங்க. அக்கம்பக்கத்துப் பெரியவங்க நாலு பேரும் கூடத்துல இருந்தாங்க. மூத்தாரு காப்பியை ஆத்திக்கிட்டே, "உங்களுக்குத்தான் நாலு இருக்குதே. கடைசியை எங்களுக்குக் குடுத்துருங்க, ராசாவாட்டம் வளர்க்கிறோம்"னாரு. எங்க வூட்டுக்காரரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. எல்லாரும் சமையக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. மூத்தாருக்கு நேரா நின்னு பேசுற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. நான் கதவுக்குப் பின்னால நின்னு, ஓரகத்தியைப் பார்த்துச் சொல்றாப்பல சொன்னேன். "அவன் இன்னும் பால்குடி மறக்கலீங்க அக்கா. மறக்கட்டும், பார்க்கலாம்."

எங்க பக்கம் முடியாதுங்கிறதை இப்பிடித்தான் சொல்லுவோம். பொண்ணு கேட்டு வந்தவங்களைப் புடிக்கலைன்னா, சாதகம் பார்த்துச் சொல்றோம்னு அனுப்புவோம். வண்டி கேட்டா, அச்சு சரியில்லைங்க, சரி பண்ணிட்டுத் தர்றோம்னு சொல்லுவோம். கேட்டவங்க புரிஞ்சுக்கிட்டு எழுந்து போயிருவாங்க. மரியாதையும் கெடாது. மூத்தாரும் அப்பிடித்தான் புரிஞ்சுக்குவாருன்னு நெனைச்சேன். அவரு, "அப்போ சரி, பால்குடி மறக்கட்டும்"னு நாலு பேரு காதுல விழச் சொல்லிட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போனாரு. முடியாதுன்னு நான் சொன்னதை அவரு வாக்கா எடுத்துக்கிட்டாரு.

அதுல இருந்து பையனுக்குப் பால் நிறுத்துறதை நான் நெனைக்கவே இல்ல. ஒன்னரை வயசாச்சு, அதையும் தாண்டிப் போச்சு. நாத்தனார் மூஞ்சியைச் சுளிப்பாங்க. "பல்லு முளைச்சு நடக்கிற பையனுக்கு இன்னும் என்ன பாலு?" மார்ல தடவிக்கச் சொல்லி வேப்பிலையை அரைச்சு உருட்டிக் குடுப்பாங்க. கசப்புத் தெரிஞ்சா புள்ளை தானா ஒதுங்கிரும். நான் சரிங்கன்னு வாங்கி, மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால வீசிருவேன். இது சுரக்கிற வரைக்கும் அவன் என் புள்ளை. அதுதான் என் கணக்கு.

சித்திரையில புளி அடிச்சு, ஓடு உடைச்சு, கொட்டை எடுத்து முடிச்சோம். தோளும் இடுப்பும் விட்டுப்போச்சு எனக்கு. ஒரு நாள் சாயங்காலம் எங்க வூட்டுக்காரரு பக்கத்துல வந்து உக்காந்தாரு. "உடம்பெல்லாம் வலிக்குதுங்கிறியே, ஒகேனக்கல்லுக்குப் போயி எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வரலாமா? நீயும் நானும் மட்டும். புள்ளைங்க வேண்டாம்."

நான் கையில இருந்த முறத்தைக் கீழ வச்சுட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் தனியாப் போனதுன்னா, ஒரு தடவை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, இன்னொரு தடவை எங்கப்பா சாவு.

"சின்னவன்?"னேன்.

"ஒரு நாளுதானே. அக்கா பார்த்துக்குது."

நாத்தனார் மூக்கு மேல கோவத்தோட சண்டைக்கு வருவாங்கன்னு பார்த்தா, அவங்களே கட்டுச்சோறு கட்டித் தர்றேன்னாங்க. "நல்லாக் குளிச்சுட்டு வா. ஒண்ணு மட்டும் சொல்றேன். எண்ணெய் வச்சு அருவியில நின்னுட்டு வந்து அன்னிக்கே பையனுக்குப் பால் குடுத்துராத. சளி கட்டிக்கும்." இது எல்லார் வூட்லயும் சொல்றதுதான், எங்கம்மாவும் சொல்லுவாங்க. அதனால எனக்குச் சந்தேகமே வரலை. பத்து வருசத்துல என்னைப் பார்த்து எங்கயாவது போயிட்டு வான்னு ஒரு தடவை கூடச் சொல்லாதவங்க அன்னிக்கு ஏன் சொல்றாங்கன்னு யோசிச்சிருக்கணும். எங்க யோசிச்சேன்? நைலெக்ஸ் புடவையை எடுத்து உதறிக்கிட்டு இருந்தேன். எதுத்த வூட்டுக்காரி, "என்னடி, புதுப்பொண்ணாட்டம் கெளம்பிட்டே"ன்னா. நானும் பல்லைக் காட்டிச் சிரிச்சேன். அந்தச் சிரிப்பை நெனைச்சா என்னை நானே அறைஞ்சுக்கலாம்னு இருக்கும்.

விடியக்காலையில பையனுக்கு வயிறு நெறையக் குடுத்துட்டு, தூங்குறப்பவே கெளம்பிட்டேன். தர்மபுரியில பஸ் மாறி, பென்னாகரம் தாண்டி, மலையிறக்கத்துல வளைஞ்சு வளைஞ்சு போனோம். அவரு வழியெல்லாம் பேசலை. பொண்டாட்டியோட தனியா வந்ததுல வெக்கப்படுறாருன்னு நெனைச்சு, நான்தான் வாய் ஓயாமப் பேசிக்கிட்டு வந்தேன்.

ஆத்துப் பாறை மேல ஆம்பளைங்க வரிசையாப் படுத்திருந்தாங்க. எண்ணெய் தேய்ச்சு விடுறவரு ஒருத்தரு எங்க வூட்டுக்காரரைக் குப்புறப் போட்டு, முதுகுல எண்ணெயை ஊத்தி, சப்பாத்தி மாவைப் பிசையிறாப்பல பிசைஞ்சாரு. பொம்பளைங்களுக்கு அதெல்லாம் கிடையாது. ஓடு உடைச்சு தோள் விட்டுப்போனது எனக்கு, உடம்பு புடிச்சு விட்டது அவருக்கு. நான் பொம்பளைங்க குளிக்கிற பக்கம் போயி, எட்டுன எடத்துக்கு நானே நல்லெண்ணெயைத் தேய்ச்சுக்கிட்டு, தலைக்குத் தேய்க்க அரப்பை எடுத்துக்கிட்டு அருவிக்குப் போனேன்.

பொய் சொல்லக் கூடாது, சொகமா இருந்துச்சு. தண்ணி தோள்பட்டையில தொம்முதொம்முன்னு விழுந்துச்சு. முந்தானையைப் புடிச்சு இழுக்க ஆளில்ல, சோறு கேக்க ஆளில்ல. அம்மான்னு யாரும் கூப்பிடலை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நின்னுக்கிட்டே இருந்தேன். அந்த அரை மணி நேரம் சின்னவன் நெனப்புக்கூட எனக்கு வரலை.

மனசுக்கு வராத நெனப்பு உடம்புக்கு வந்துச்சு. வெயில் உச்சிக்கு ஏறுறப்போ மார் ரெண்டும் கல்லாட்டம் கட்டிக்கிச்சு. தொட்டா உசுரு போற வலி. ஒரு பாறை மறைவுல உக்காந்து கையாலயே பீச்சி விட்டேன். பாறையில வடிஞ்சு பால் அப்பிடியே ஆத்துல கலந்துச்சு. வூட்ல புள்ளை இருக்கிறப்போ இது என்ன பாவம்னு அழுகை வந்துச்சு. ரவிக்கையை உலர்த்திக்கிட்டு நேரா அவருகிட்ட வந்தேன். "ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போயிரலாங்க. எனக்கு முடியலை."

"வந்தது வந்தோம், பரிசல்ல ஒரு சுத்துச் சுத்திட்டுப் போலாம்"னாரு.

சுத்துனோம். அவரு எதுத்த கரையைக் காட்டி அது கர்நாடகம்னாரு. யாருக்கு வேணும் கர்நாடகம்? கரையேறுனதும் மீன் வறுவல் சாப்பிடலாம்னாரு. ரெண்டு மணி பஸ் போயிருச்சு. அவரு முள்ளை ஒவ்வொண்ணா நிதானமா எடுத்து வச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு, எனக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. பஸ்சுக்கு நிக்கிற எடத்துக்கு இழுக்காத குறையா இழுத்துக்கிட்டு வந்தேன். "சளியாவது மண்ணாவது, வூட்டுக்குப் போனதும் முதல் வேலை பையனுக்குப் பால் குடுக்கிறதுதான். உங்கக்கா என்ன சொன்னாலும் சரி"ன்னேன்.

அவரு ஆத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. "பையன் வூட்ல இருக்க மாட்டான்."

எனக்கு விளங்கலை.

"அண்ணனும் அண்ணியும் காலையில வந்திருப்பாங்க. இந்நேரம் சேலம் போய்ச் சேர்ந்திருப்பாங்க. நீதானே சொன்ன, பால்குடி மறக்கட்டும்னு. நீ வூட்லயே இருந்தா அவன் எப்பிடி மறப்பான்?"

சுத்தி ஜனங்க நின்னாங்க. நான் சத்தம் போடலை. "அப்போ, எனக்கு எண்ணெய் தேய்க்கக் கூட்டிட்டு வரலை நீங்க"ன்னேன்.

"உனக்கும் உடம்பு வலின்னியே"ன்னாரு. "அவனைத் தூக்கிட்டுப் போறதை நீ பார்க்க வேண்டாம்னுதான்."

அதை அவரு எனக்குச் செஞ்ச நல்லதா நெனைச்சுக்கிட்டாரு பாருங்க, அதைத்தான் என்னால செரிக்கவே முடியலை. திட்டம் போட்டுக் கழுத்தறுத்தாருன்னா திட்டித் தீர்த்துருவேன். பாவம்னு நெனைச்சுக் கழுத்தறுத்தா என்ன பண்றது?

பஸ்ல பொம்பளைங்க சீட்டுல தனியா உக்காந்து வந்தேன். ரவிக்கை நனைஞ்சு நனைஞ்சு காஞ்சுது. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வூடு வந்து சேர்ந்தோம். பொண்ணு ஓடி வந்து, "தம்பியைப் பெரியப்பா கார்ல கூட்டிட்டுப் போனாரும்மா, எனக்கு பிஸ்கட் குடுத்தாரு"ன்னா. நாத்தனார், "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை பையன். கையாட்டிட்டுப் போனான்"னாங்க. நாக்குல வந்ததையெல்லாம் அன்னிக்கு அவங்களைப் பேசிட்டேன். அவங்க அசையலை. "நாலு பெரியவங்க முன்னால நீ குடுத்த வாக்குத்தானே? நாங்களா சொன்னோம்?"னு மட்டும் கேட்டாங்க.

மறுநாள் காலையில ரெண்டு புடவையை மூட்டை கட்டிக்கிட்டு, சேலம் பஸ்சுக்குப் போறேன்னு கெளம்பிட்டேன். அவரு வாசல்ல குறுக்க நின்னாரு. "நீ போனா அண்ணன் மானம் போயிரும். நான் போயிப் பார்த்துட்டு வர்றேன். பையன் அழுதான்னா தூக்கிட்டு வந்துடறேன், சத்தியமா." நம்புனேன். சாயங்காலம் வெறுங்கையோட வந்தாரு. "நல்லா வெளையாடுறான். டம்ளர்ல பால் குடிக்கிறான். என்னைப் பார்த்துக் கிட்டயே வரலை"ன்னாரு.

அதோட நான் மூட்டையைப் பிரிச்சுட்டேன். மல்லிகைப்பூ வச்சுக் கட்டுனா பால் வத்தும்னு நாத்தனாரே கட்டி விட்டாங்க. ஒரு வாரத்துல வத்திப்போச்சு. கோவம்தான் வத்தலை. கேட்டா சிரிப்பீங்க, அந்தக் கோவம் புருசன் மேல இருந்ததை விட அந்தப் பையன் மேலதான் அதிகமா இருந்துச்சு. ஒன்னேமுக்கால் வருசம் என் மார்லயே கெடந்தவன் ஒரே நாள்ல மறந்துட்டானே. போடா, நன்றி கெட்டவனேன்னு மனசுக்குள்ள திட்டுவேன். தீபாவளி பொங்கலுக்கு அவங்க வருவாங்க. சித்தின்னு கூப்பிடுவான். என்னன்னு ஒத்தை வார்த்தையில கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிருவேன். ஒரு தடவை கூட அவனைத் தூக்கலை, தலையைத் தடவலை.

ஆறு வருசம் போச்சு. பாப்பிரெட்டிப்பட்டியில சொந்தத்துல ஒரு கல்யாணம். முந்தின நாள் பொம்பளைங்க எல்லாம் வட்டமா உக்காந்து காய் நறுக்கிக்கிட்டு இருந்தோம். யாரோ என் ஓரகத்தியைப் பார்த்து, பெறாமயே ராசாவாட்டம் ஒரு புள்ளை கெடைச்சுட்டான் உனக்குன்னு கேலி பண்ணினாங்க. ஓரகத்திக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு.

"சும்மாவா கெடைச்சான்? வந்த புதுசுல பத்து நாள் அழுதாங்க, பத்து நாள். தொண்டையே கட்டிப்போச்சு. டம்ளரைத் தட்டித் தட்டி விடுவான். மறுநாளே இவ வூட்டுக்காரரு பார்க்க வந்தாரில்ல, அவரு காலைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. பையனைப் பிய்ச்சு எடுத்துத்தான் அவரை அனுப்பி வச்சோம். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அரிவாள்மணையைச் சாய்ச்சு வச்சுட்டு எழுந்தேன். ஆம்பளைங்க பந்தல்ல சீட்டாடிக்கிட்டு இருந்தாங்க. அவரைத் தனியாக் கூப்பிட்டு, "நீங்க போன அன்னிக்கு அவன் அழுதானா?"ன்னேன். ஆறு வருசம் கழிச்சுக் கேக்கிறேன், எந்த அன்னிக்குன்னு அவரு திருப்பிக் கேக்கலை.

"சொல்லியிருந்தா நீ போய்த் தூக்கிட்டு வந்திருப்ப"ன்னாரு.

பந்தலுக்கு அந்தாண்ட பசங்க ஓடிப்புடிச்சு வெளையாடிக்கிட்டு இருந்தாங்க. அவனைக் கூப்பிட்டேன். வந்தான். ரெண்டடி தள்ளியே நின்னு, வாத்தியார் கூப்பிட்டாப்பல கையைக் கட்டிக்கிட்டான். நான் கையை நீட்டினேன். அடிக்கத்தான் வர்றேன்னு நெனைச்சு முகத்தை மறைச்சுக்கிட்டு, "நான் ஒண்ணும் பண்ணலைங்க சித்தி"ன்னான்.