வட்டவளைப் பக்கத்துக் காற்று

ஐம்பதை நெருங்கும் ஒருவன் சாப்பாட்டு மேசையில் பொம்மை ரயில் ஓட்டுவதை உலகம் மன்னிக்கலாம், ஹட்டனில் மன்னிப்பதில்லை. "பிள்ளைகளுக்கா?" என்று கேட்பார்கள். பிள்ளைகள் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் "ஆமாங்க" என்பேன்.

பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திக் கட்டும் ரயில் அது. மேசையின் ஒரு முனையில் வட்டவளை, மறுமுனையில் நானுஓயா என்று மூன்று மொழியிலும் ஸ்டேஷன் பலகை நட்டிருந்தேன். பெட்டியோடு வந்த கட்டடங்களில் தீயணைப்பு நிலையம் இருந்தது, பனிச்சறுக்கு விடுதிகூட இருந்தது. தேயிலைத் தொழிற்சாலை இல்லை. செய்தவர்கள் தேநீரைக் குடிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஆகவே நானே கட்டினேன், எட்டு மாதம். தகரச் சுவருக்குச் சாம்பல் நிறக் கட்டை, மூன்று மாடி, மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல். சாம்பல் கட்டை தீர்ந்தபோது ஒரு பொம்மைப் போர்க்கப்பலைப் பிரித்தேன். உலக சமாதானத்துக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒருவருடைய வாய்ச்சொல். மனைவியின் அண்ணன், நிஜத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலையில் இருபது வருடமாக இருப்பவர். நான் கட்டுவதையெல்லாம் 'சாமான்' என்பார். ஒரே ஒருமுறை 'பெக்டரி' என்று சொல்லிவிட்டால் போதும், நான் மனிதனாகிவிடுவேன் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார்.

"மாப்ள, இந்தச் சாமான்ல அடுப்பு எந்தப் பக்கம்?"

புகைபோக்கியைப் பெருமையாகக் காட்டினேன்.

"மழக் காலத்துல காத்து எங்கிருந்து வருது?"

"வட்டவளைப் பக்கமிருந்து."

"நீங்க பொகபோக்கி வச்சதும் அதே பக்கந்தான். பொக பூரா ஜன்னல் வழியா மேல்மாடிக்குத்தானே போவும்? வாடுற கொழுந்து பொகையக் குடிச்சிரும். ஒங்க டீயில கருவாட்டு வாடதான் வரும்."

"மச்சான், இது பிளாஸ்டிக்கு. காத்தும் இல்ல, கொழுந்தும் இல்ல."

"அப்பறம் பலகை எதுக்கு நட்டீங்க?"

சமையலறையில் மனைவி சிரித்தாள். என் நகைச்சுவைக்கு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

பலகைகளை இடம் மாற்றி நட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நிஜத்தில் மலை உச்சிப் பக்கம் இருப்பது நானுஓயா என்பதால் அந்தப் பக்கம் தண்டவாளத்தை உயர்த்திக் கட்டியிருந்தேன். வட்டவளையை நானுஓயாவுக்கு மேலே ஏற்றிவைத்த ஆள் என்ற பெயர் வாங்க மனம் வரவில்லை. அடுப்பறையைப் பிடுங்கினால் அதில் சாய்ந்திருந்த சுவர் வந்தது. சுவரோடு மூன்று மாடியும் வந்தன. மறுபடி கட்ட ஐந்து வாரமானது. இந்த முறை புகைபோக்கி நானுஓயாப் பக்கம்.

மச்சான் மறுபடி வந்தார். சுற்றினார், குனிந்தார். நான் அடுத்த குற்றத்துக்குக் காத்திருந்தேன். அவரோ போனை எடுத்து, கூட வேலை செய்யும் ஒருவருக்கு வீடியோ கால் போட்டார்.

"டேய், இங்க பார்றா, பெக்டரி! நம்ம மேல்மாடி ஜன்னலப் பாரு. யாரு கட்டுனதா? எங்க மாப்ளதான், வேற யாரு? காத்து இப்பிடி வருதா, பொக இப்பிடி அந்தாண்ட போயிரும். வெவரமா வச்சிருக்காருடா!"

காற்று வரும் வழியைக் காட்ட அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டன. போனை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன், புகைபோக்கி நன்றாகத் தெரியும்படி.