பேத்தியின் பேட்ஜும் பன்னிரண்டு மணி பஸ்ஸும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மூத்த பேத்திதான் எழுதுகிறாள். கதையே அவளைப் பற்றியது என்பதால் தனக்குத் தோதாக எதையாவது சேர்த்துவிடுவாளோ என்று, பக்கம் முடிந்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்கிறேன்.

அப்போது அவள் ஷார்ஜாவில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். நான் மூன்று மாத விசிட் விசாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மகனுக்கு துபாய் தேராவில் மசாலாக் கடை. விடியத் தொழுதுவிட்டுக் கிளம்பினால் பாதி நாள் டிராபிக்கிலேயே போகும். ஆறாம் மாடி வீடு. சன்னலைத் திறக்கக் கூடாது, ஏசி வீணாகும். எனக்கோ ஓரிடத்தில் உட்கார வராது. சமையல்கட்டுக்கும் சன்னலுக்குமாக நடந்து நடந்தே அந்த மூன்று மாதமும் போனது. லிப்டில் மட்டும் தனியாக ஏறமாட்டேன். அந்தப் பெட்டி பாதியில் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

நான் போய் இறங்கிய மறுவாரமே பேத்தி நெஞ்சில் ஒரு பேட்ஜோடு வந்தாள். ஹெட் கேர்ளாம், பெண்பிள்ளைகளுக்கெல்லாம் தலைவி. தங்கமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தகரம்தான். ஆனாலும் அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வாயெல்லாம் பல்.

அவள் பள்ளிக்கூடம் ஒரே கட்டடம், ஆனால் இரண்டு பள்ளிக்கூடம். காலையில் பெண்பிள்ளைகள், மதியத்துக்கு மேல் ஆண்பிள்ளைகள். பையன்களைக் கொண்டுவந்து இறக்குகிற அதே பஸ்தான் பெண்பிள்ளைகளை ஏற்றிப் போகும், அதே கேட்டில். பன்னிரண்டு மணிக்கு அங்கே நடக்கிற தள்ளுமுள்ளை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு நாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கூட்டத்தில் விழுந்து, ஒரு ஷூ எங்கோ போய், கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று கதறியிருக்கிறது. இவள் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினாள். காலில் மீதியிருந்த ஒற்றை ஷூவை மறதியில் தன் பையிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து அவள் செய்ததுதான் வினை. "எங்களுக்கு வேறு கேட் வேண்டும்" என்று ஒரு கடுதாசி எழுதி, மூன்று தாள் நிறையப் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி, பிரின்சிபால் மேசையில் வைத்துவிட்டாள். நம்மூரில் என்றால் இது ஒரு விஷயமா? அங்கே கையெழுத்து வாங்குவது என்றாலே பெரியவர்கள் பயந்துவிடுவார்கள். பிரின்சிபால் அம்மா மகனின் கடைக்குப் போன் போட்டுவிட்டார். மகன் முகம் வெளுத்து வீட்டுக்கு வந்தான்.

"அடுத்தவன் நாட்டுல இருந்துக்கிட்டு கூட்டம் சேக்குறியா? விசாவ கேன்சல் பண்ணிட்டா எல்லாரும் எங்கே போய் நிக்கிறது?"

"கூட்டம் சேக்கல வாப்பா. ஜஸ்ட் ஒரு லெட்டர்."

"மூணு தாள்ல கையெழுத்து, அது ஜஸ்டா? மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்களாம். இந்த மாதிரி இன்னொண்ணு நடந்தா பேட்ஜைக் கழட்டிருவாங்களாம். அதுக்கு முன்னாடி நீயே கொடுத்துட்டு வந்து பரீட்சைக்குப் படி."

அவள் பேட்ஜை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தேன்.

ஷார்ஜாவில் இருக்கிற பள்ளிக்கூடங்களின் மாணவர் மன்றங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சங்கம் இருந்தது. ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவார்கள். பேத்தி போக வேண்டும் என்றாள். மகன் முடியாது என்றான். ஆண்பிள்ளைகளும் வருகிற இடமாம்.

"நான் கூடப் போறேன்" என்றேன்.

"நீங்க அங்கே போய் என்ன உம்மா செய்யப் போறிய?"

"இங்கே என்ன செய்றேனோ அதைத்தான். நடப்பேன்."

மருமகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "போவட்டுங்க. மாமி இங்கே நடந்து நடந்து கார்பெட்டே தேஞ்சு போச்சு" என்றாள். அவள் வாயால்தான் அனுமதி கிடைத்தது.

ஹாலில் பிள்ளைகள் மேசையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவி ஒரு மலையாளப் பெண். ஒல்லி. கையில் கடிகாரம், கண்ணில் கடிகாரம். ஒருவர் பேச எழுந்தால் இரண்டு நிமிடம்தான். மேலே போனால் பேனாவால் மேசையைத் தட்டுவாள். எங்கள் ஊர்க் கல்யாணப் பேச்சுக்கு இவளை அழைத்துப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு முகங்கள் போதும். சுவரோரம் நாற்காலி போட்டு பிஸ்கட் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன், சுவரோரமாகவே நடந்தேன்.

ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் பெயர் சொல்லி வந்தபோது, பேத்திக்கு நேர் எதிரே இருந்த பையனும் இவளும் ஒரே பள்ளிக்கூடத்தைச் சொன்னார்கள். இரண்டு பேரும் திகைத்துப் போனார்கள். அவன்தான் மதிய ஷிப்ட் ஹெட் பாய். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. இவள் போகும்போது அவன் வருவான். ஒரே வகுப்பறை, ஒரே பெஞ்சு, முகம் மட்டும் பார்த்ததில்லை.

"ஓ, நீங்கதானா பெஞ்சுக்கு அடியில பபுள்கம் ஒட்டிட்டுப் போறது?" என்றாள் இவள்.

"போர்டு முழுக்க எழுதிவச்சு, அழிக்காதீங்கன்னு கீழ கோடு போட்டுட்டுப் போறது நீங்கதானா? எங்க சார் தினமும் அதைப் பாத்து எங்களைத்தான் ஏசுறாரு."

மலையாளப் பெண் பேனாவால் தட்டினாள்.

இவள் கேட் விஷயத்தையும் கையெழுத்து விஷயத்தையும் சொல்லி முடித்தாள். சங்கம் வந்து சண்டை போடும் என்று இவள் நினைத்திருந்தாள் போல. தலைவி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். அவள் சொன்னதைப் பேத்தி பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள். நாங்கள் உன் பிரின்சிபாலோடு மோத வரமாட்டோம். அவர் தலையில் ஆயிரம் பாரம். நீ இன்னொரு புகாரை ஏற்றினால் எப்படி வாங்குவார்? செய்து பார்க்க ஒரு வழியைக் கொண்டு போ. ஒரு வாரம் மட்டும் கேள். சரிவராவிட்டால் நிறுத்தும் உரிமையை அவர் கையிலேயே கொடு. இரண்டு ஷிப்டும் சேர்ந்து போங்கள் என்றாளாம். அந்தப் பையனும் இவளும் சேர்ந்து பேச அந்த ஹாலை விட்டால் வேறு இடமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் இவள் கிளம்பும்போதுதானே அவன் வருவான்!

அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு டப்பா நிறைய, வடை மாதிரி இருக்கும் இறால் வாடா சுட்டுக்கொண்டு போனேன். அட்டையில் பள்ளிக்கூடத்தை வரைந்து வைத்து, பஸ்ஸுக்கு என்ன வைப்பது என்று தேடினார்கள். அந்தப் பையன் வாடாவை எடுத்து வரிசையாக வைத்தான். வாத்தியார்களின் கார் மட்டும் போகிற பின் கேட்டில் பையன்கள் இறங்குவது. காலி பஸ் சுற்றிக்கொண்டு முன் கேட்டுக்கு வருவது. பெண்பிள்ளைகள் பஸ் நம்பர்ப்படி உள்ளே நிழலில் நிற்பது. பின் கேட்டுக்கு அவன் ஆட்கள், முன் கேட்டுக்கு இவள் ஆட்கள். வாடாக்கள் சுற்றிச் சுற்றி வந்தன. அட்டை முழுக்க எண்ணெய்.

"ஏழாம் நம்பர் பஸ்ஸைத் தின்னுட்டியேப்பா" என்றேன் அவனிடம்.

"அது பிரேக்டவுன், பாட்டி" என்றான் வாய் நிறைய.

சங்கத்துக்கு ஆலோசகராக இருந்த வயதான வாத்தியார் ஒருவர் பிரின்சிபாலிடம் போனில் நேரம் கேட்டுக் கொடுத்தார். அதோடு சரி, அவர் கூடப் போகவில்லை. இரண்டு பிள்ளைகளும் எண்ணெய் அட்டையோடு தாங்களே போய்ப் பேசினார்கள். பிரின்சிபால் ஐந்து நாள் கொடுத்தார். நடுவில் ஒரு பிள்ளை விழுந்தாலும் அன்றோடு நிறுத்தம். பேட்ஜும் அன்றோடு சரி.

அந்த ஐந்து நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சன்னலிலேயே நின்றேன். எல்லோரையும் ஏற்றிவிட்டு இவள் கடைசி பஸ்ஸில் வருவாள். நாலு நாளும் நான் மதியம் லுஹர் தொழுது முடிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டாள், நெஞ்சில் பேட்ஜோடு. ஐந்தாம் நாள் வரவில்லை. தொழுதேன். சோற்றை மூடி வைத்தேன், திறந்தேன், மறுபடி மூடினேன். மறுநாள் எனக்கு ஃப்ளைட். பெட்டி பாதி கட்டிக் கிடந்தது. மருமகள் குளிக்கப் போயிருந்தாள். என்ன நினைத்தேனோ, லிப்டில் தனியாக ஏறி, எல்லாவற்றுக்கும் கீழே இருந்த பொத்தானை அமுக்கிவிட்டேன்.

வெயில் முகத்தில் அறைந்தது. கீழே பலசரக்குக் கடைக்காரர், "உம்மா, உள்ளே வாங்க, ஏசி இருக்கு" என்று கூப்பிட்டார். எனக்குக் காதில் விழுந்தால்தானே.

பஸ் வந்தது. இவள் இறங்கினாள். சுருட்டிய அட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பேட்ஜ் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை.

"அட்டையை எடுடி" என்றேன்.

எடுத்தாள். பேட்ஜ் இல்லை. குத்தியிருந்த இடத்தில் இரண்டு சின்னத் துளை மட்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு விழுந்தா?"

"யாரும் விழல வாப்பும்மா. கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு உங்களுக்கு! லிப்ட்ல தனியாவா வந்தீங்க?"

"பேட்ஜ் எங்கடி?"

"அந்த ஷூ தொலைச்ச குட்டி இருக்கால்ல, இன்னிக்கு அவதான் லைன்ல ஃபர்ஸ்ட். பேட்ஜ் குத்தினாத்தான் நிப்பேன்னு அடம். குத்திவிட்டேன். அப்படியே பஸ்ல ஏறிப் போயிட்டா."

"இவ்வளவு நேரம்?"

"கடைசி பஸ்ஸை நிக்க வச்சிட்டு பிரின்சிபால் மேடமும் பாய்ஸ் ஹெட்மாஸ்டரும் கூப்பிட்டாங்க. பிளானை ரெண்டு காப்பி எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. வருஷம் முழுக்க இனிமே இதான். ஒரு காப்பி சங்கத்துக்குக் கொடுக்கணுமாம், வேற ஸ்கூலுக்கும் உதவும்னு."

"எறங்கும்போதே சொன்னா என்ன, கழுதை!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். பலசரக்குக் கடைக்காரர் ஒரு மோர் பாக்கெட்டை நீட்டினார். யாருக்காக நீட்டினாரோ, நானே குடித்தேன்.

மறுநாள் ஊருக்கு வந்துவிட்டேன். ஆனாலும் மனசு அங்கேயே. அந்தக் குட்டி பேட்ஜைத் தொலைத்துவிட்டால்? போன் வருகிறபோதெல்லாம், மகன் சுகம் விசாரிப்பதற்குள் அதைத்தான் கேட்டேன். மூன்று நாள் கழித்து இவளே போனில் வந்தாள்.

"வந்துருச்சு வாப்பும்மா. பின்னாடி ஊக்கு மட்டும் வளைஞ்சு போச்சு."

"நிமுத்தாதே" என்றேன். "வளைஞ்சு இருந்தாத்தான் சீக்கிரம் கழலாது."